மீன் மேல் உட்கார்ந்த நீர்நாய்

காட்டுக்குள்ளே கருவேலங்குளம் என்று ஒரு குளம். அந்தக் குளத்துக்குத் தலைவர் மூக்காண்டி என்கிற நீர்நாய். நல்ல மீசை, நல்ல குரல், நல்ல மனசுந்தான். ஆனால் நாலு பேர் கூடிச் சத்தம் போட்டால் அவருக்கு முதுகெலும்பு வாழைநார் மாதிரி வளைந்துவிடும்.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் எவர் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த இடம் அவருக்கு. எழுந்தால் போச்சு! தவளை இலையை விட்டு எழுந்தால் இன்னொரு தவளை ஏறிக்கொள்ளும். ஆமை பாறையை விட்டு இறங்கினால் அடுத்த ஆமை வெயில் காயும். யாரும் சண்டைக்குப் போக முடியாது. “நீ ஏன் எழுந்தே?” என்று ஒரே கேள்வி கேட்டு முடித்துவிடுவார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். மீனைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது முள்ளுதான் கிடக்கும். அதனால் நீர்நாய்கள் எல்லாம் மீனைப் பிடித்ததும் முதலில் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்புறந்தான் மூச்சு வாங்கும், பேச்சுப் பேசும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். அதில் என்ன தப்பு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

குளம் பெரிசுதான். ஆனால் மீன் கொஞ்சம். மூக்காண்டியின் பெண்சாதி கெண்டையம்மா தினமும் புலம்புவாள்.

“ஏங்க, புள்ளைங்க விலா எலும்பை எண்ணிப் பாக்கலாம் போல இருக்கு. நீங்க மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியுறீங்க!”

“நான் என்ன புள்ள செய்யட்டும்? தண்ணியில சத்து இல்ல.”

“ஈச்சங்குளத்துல மட்டும் சத்து எங்கேருந்து வந்துச்சாம்? அங்க மீனு ஒண்ணொண்ணும் என் தொடைத் தண்டி இருக்குதாம்!”

ஈச்சங்குளத்து ரகசியம் மூக்காண்டிக்குத் தெரியும். அங்கே வருஷா வருஷம் தூர தேசத்திலிருந்து மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து மரத்தில் கூடு கட்டும். கூட்டுக்குக் கீழே எச்சம் விழும். எச்சம் விழுந்த தண்ணீரில் பாசி பிடிக்கும். பாசியைத் தின்னப் பூச்சி வரும், பூச்சியைத் தின்ன மீன் வரும். இவ்வளவுதான் விஷயம்.

கருவேலங்குளத்தின் நடுவிலும் கருவேல மரங்கள் கிளை விரித்துச் சும்மா நின்றன. ஒரு கூடு கிடையாது.

மழை நின்று குளம் தளும்பிய ஒரு நாள், நாரைக் கூட்டம் ஒன்று மேலே பறந்து போனது. மூக்காண்டி பாறை மேல் ஏறி நின்று கூப்பிட்டார்.

“அம்மாமாரே! ஐயாமாரே! இறங்குங்க! மரம் எல்லாம் காலியா நிக்குது!”

நாரைகளுக்குப் பெரியவள் நெட்டைக்காலி. அவள் மட்டும் இறங்கி வந்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கேட்டாள்.

“மரம் இருக்கு, சரி. நாங்க காலையில இரை தேடிப் போனா பொழுது சாயத்தான் வருவோம். நாங்க கட்டின கூடு எங்களுக்குன்னு இருக்குமா தலைவரே?”

“என்ன தாயீ இப்படிக் கேட்டுட்டீங்க! நீங்க கட்டின கூடு உங்களுது. இது மூக்காண்டி வாக்கு!”

சொல்லும்போது மனசாரத்தான் சொன்னார். அதுதான் பாவம்.

நாரைகள் இறங்கின. எங்கெங்கிருந்தோ சுள்ளி பொறுக்கி வந்தன. வேலை என்றால் அது வேலை! நெட்டைக்காலியும் அவள் புருஷனும் கட்டின கூடு ஒரு சின்னக் கட்டில் மாதிரி இருந்தது. அடியில் கனமான குச்சி, மேலே மெல்லிசுக் குச்சி, அதற்கும் மேலே ஈர இலை. காற்றடித்தாலும் அசையாது.

எச்சம் விழுந்தது. கெண்டையம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “நாத்தம் தாங்கலியே!” என்றாள். கொஞ்ச நாளில் தண்ணீர் பச்சை கட்டியது. இன்னும் கொஞ்ச நாளில் குஞ்சு மீன்கள் கூட்டங்கூட்டமாய்ச் சுற்றின. அப்புறம் கெண்டையம்மா மூக்கைப் பொத்தவில்லை. “நாத்தமா? எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலியே!” என்றாள். புள்ளைகளுக்கு விலா எலும்பு மறைந்தது. வயிறு தெரிந்தது.

இதெல்லாம் கரையிலிருந்த குரங்குகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அவைகளுக்குப் பெரியவன் கூழைவாலன். வால் பாதிதான் இருக்கும். குரல் மட்டும் முழுசாக இருக்கும். அந்தக் குளத்தில் தலைவரைத் தேர்ந்தெடுப்பதே குரங்குகளின் சத்தந்தான். யார் பேரைச் சொல்லி அவை அதிகம் கத்துகின்றனவோ அவரே தலைவர். மூக்காண்டி பேரைக் கத்தியது கூழைவாலன் கூட்டம்.

ஒரு நாள் நெட்டைக்காலியின் புருஷன் இரை தேடப் போயிருந்தான். அவள் முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். தொண்டை வறண்டது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று கீழே இறங்கினாள். நிமிர்ந்து பார்த்தால், கூட்டுக்குள்ளே முட்டைகளை ஓரமாய்த் தள்ளிவிட்டுக் கூழைவாலன்! கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான்!

“எந்திரி! அது எங்க கூடு!”

“நீ ஏன் எழுந்தே?” என்றான் கூழைவாலன்.

பஞ்சாயத்து கூடியது. ஒரு பக்கம் நாரைகள். மறு பக்கம் குரங்குகள். நடுவில் மூக்காண்டி.

“தலைவரே, நீங்க வாக்கு குடுத்தீங்க” என்றாள் நெட்டைக்காலி. அவ்வளவுதான் சொன்னாள்.

கூழைவாலன் கூட்டிலிருந்தபடியே பேசினான். “மூக்காண்டி அண்ணே! நம்ம குளத்து வழக்கம் என்ன? எங்கேருந்தோ வந்தவங்களுக்காக அதை மாத்தப் போறீரா? இன்னிக்கு இவங்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா? ஏ மக்கா, என்னப்பா சொல்றீங்க?”

குரங்குகள் கத்தின. கரையே அதிர்ந்தது.

மூக்காண்டிக்கு நியாயம் எது என்று நன்றாகத் தெரிந்தது. தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நெட்டைக்காலியைப் பார்த்தார். குரங்குகளைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரையும் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்.

“ஒரு கூடுதானே தாயீ… மரம் எவ்வளவோ இருக்கு. வேற ஒண்ணு கட்டிக்கங்களேன். உள்ளூர் வழக்கம் பாருங்க…”

“முட்டை?”

மூக்காண்டி வாயைத் திறக்குமுன் கூழைவாலன் முந்திக்கொண்டான். “முட்டை உங்களுதுதான்! நான் என்ன திருடனா? நல்லா எடுத்துட்டுப் போங்க. கூடு மட்டுந்தான் என்னுது!”

குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. நாரை முட்டையை எதில் எடுத்துக்கொண்டு போகும்? கையிலா? கூடையிலா?

நெட்டைக்காலி கிளை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் இறங்கும்போது முட்டைகள் ஜில்லிட்டுப் போயின. மூக்காண்டி அன்றைக்கு நேரத்தோடு வளைக்குள் போய்விட்டார். கெண்டையம்மா மீன் கொண்டு வந்து வைத்தாள். தொட முடியவில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து நாரைகளின் போக்கு மாறியது. புருஷன் போனால் பெண்சாதி எழவில்லை. பெண்சாதி போனால் புருஷன் எழவில்லை. இரண்டு பேர் தேடின இரையை ஒருவர் தேடினார். குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து சோர்ந்தன. புதுசாய் ஒரு சுள்ளி யாரும் கொண்டு வரவில்லை.

“கூடு ஓட்டை விழுதே, அடைக்கக் கூடாதா?” என்று மூக்காண்டி கீழேயிருந்து ஒரு நாரையைக் கேட்டார்.

“எதுக்கு? நாளைக்கு யாரு உக்காரப் போறாங்களோ! அவங்க அடைச்சுக்கட்டும்” என்றது அது.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்தும் முளைக்காமலும் அந்தக் கூட்டம் கிளம்பிவிட்டது. சண்டை போடவில்லை, திட்டவில்லை. சும்மா போய்விட்டது.

குரங்குகளுக்கு ஒரே கொண்டாட்டம்! ஆளுக்கொரு கூடு! ஆனால் கூட்டில் உட்காரத் தெரிந்த அளவுக்கு அவைகளுக்குக் கூட்டைக் கட்டத் தெரியாது. அடுத்த மழையில் ஒவ்வொரு கூடாய்ப் பிய்ந்து தண்ணீரில் விழுந்தது. நெட்டைக்காலியின் கூடு மட்டும் நின்றது. அவ்வளவு கெட்டி. அதற்குள் கூழைவாலன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மழை நின்றது. குளம் தளும்பியது. நாரைகள் வந்தன. மேலே வந்து, மேலேயே ஈச்சங்குளத்துப் பக்கம் போயின.

மூக்காண்டி பாறை மேல் நின்று கூப்பிட்டார். ஒருவரும் கழுத்தைத் திருப்பவில்லை. வேறு தேசத்துக் கொக்குகள் வந்தன. அவையும் நிற்கவில்லை. ஒரு நாரை வாயிலிருந்து இன்னொரு பறவை வாய்க்குச் சேதி போயிருக்கிறது. கரையிலிருந்த தூக்கணாங்குருவி கூடப் பாதி பின்னிய கூட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பியது.

“நீ இந்த ஊர்க்காரிதானே, நீ ஏன் போறே?” என்று மூக்காண்டி கேட்டார்.

“ஊர்க்காரிக்கு மட்டும் கூடு நிலைக்குமா, அண்ணாச்சி?” என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது.

பச்சைத் தண்ணீர் தெளிந்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்தது.

“தண்ணி எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!” என்றாள் கெண்டையம்மா. “அடியில ஒண்ணுமே இல்லேன்னு எவ்வளவு நல்லாத் தெரியுது!”

புள்ளைகளின் விலா எலும்பு மறுபடி வெளியே வந்தது. சின்னவன் இரை கேட்டு அழுவதைக்கூட நிறுத்திவிட்டான். அழ வலு இல்லை. அதைப் பார்த்த பிறகு மூக்காண்டியால் வளைக்குள் இருக்க முடியவில்லை. பாறை மேல் ஏறி, “இனிமே கூடு கட்டினவங்களுக்கே கூடு! இதுதான் புதுச் சட்டம்!” என்று அறிவித்தார். குரங்குகள் எதிர்க்கவே இல்லை. பறிக்கக் கூடு இருந்தால்தானே எதிர்க்க வேண்டும்! கூழைவாலன் மட்டும் நெட்டைக்காலியின் கூட்டிலிருந்து கை தட்டினான். அவனை இறங்கச் சொல்ல மூக்காண்டிக்கு வாய் வரவில்லை.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஈச்சங்குளத்துக்கு நடந்தார். நாரைகளை எப்படியாவது அழைத்து வந்துவிட வேண்டும். காடு, மேடு, முள்ளு எல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தார்.

நெட்டைக்காலி அவரைக் கண்டதும் முகம் சுளிக்கவில்லை. “வாங்க தலைவரே, களைச்சு வந்திருக்கீங்க” என்று சொல்லி, ஒரு பெரிய கெளுத்தி மீனை அவர் முன்னால் வைத்தாள். மற்ற நாரைகளும் சுற்றி வந்து நின்றன.

மூக்காண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். என்ன பேச்சு! என்ன பேச்சு!

“பழசை மறந்துடுங்க தாயீ. இப்ப எங்க குளம் மாறிப் போச்சு. சட்டம் போட்டாச்சு. அவரவர் பொருள் அவரவருக்கு! வச்சது வச்ச இடத்துல இருக்கும். நீங்க கூட்டைக் கட்டிட்டுக் கடல் தாண்டிப் போயிட்டு வாங்க, ஒரு குச்சி அசையாது. எங்களுக்கு யார் மேலயும் பயமில்ல. எல்லாரும் எல்லாரையும் நம்புறோம்!”

நெட்டைக்காலி பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தலைவரே. மீன் எங்கே?” என்றாள்.

“எந்த மீன்?”

“நாங்க குடுத்த மீன்.”

மூக்காண்டி முன்னால் பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். அப்புறம் வயிற்றுக்குக் கீழே வழவழவென்று ஏதோ இருப்பது அவருக்குத் தெரிந்தது.

எழுந்தார். கெளுத்தி நசுங்கிக் கிடந்தது.

“ஏன் அதும் மேல உக்காந்தீங்க?”

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவரைக் குத்தியது. ஒரு நாரையும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் அவர் ஈச்சங்குளத்துக் கரையைக் கவனித்தார். யாரோ ஒரு கொக்கு பிடித்த மீன் கல்லின் மேல் தனியாகக் கிடந்தது. கொக்கைக் காணோம். ஓர் ஆமை பாறையை விட்டு இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, ஆடி அசைந்து திரும்பி வந்தது. பாறை காலியாகவே காத்திருந்தது. பக்கத்தில் நின்ற வேறொரு ஆமை அதில் ஏறவில்லை. ஏற நினைக்கவும் இல்லை.

மூக்காண்டிக்குக் காதெல்லாம் சூடேறியது. மீசை தொங்கிப்போனது.

நெட்டைக்காலிக்கும் அப்போது விளங்கிவிட்டது. தாழ்ந்த குரலில் சொன்னாள். “உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நீங்க பொய் சொல்றீங்கன்னும் நான் நினைக்கல. ஆனா உங்க குளத்துல ஒரு மீனை நம்பி வைக்க உங்களாலேயே முடியல. நாங்க முட்டையை எப்படி வைப்போம்?”

மூக்காண்டி நசுங்கிய மீனையும் எடுக்காமல் நடந்தார்.

“என்னாச்சு? வர்றாங்களா?” என்று கெண்டையம்மா மீன் மேல் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

‘யோசிச்சுச் சொல்றாங்களாம்’ என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார். நடந்ததைச் சொன்னார். மீன் மேல் உட்கார்ந்ததையும் சொன்னார். வாய்த் துடுக்குக்காரி கெண்டையம்மா, தான் உட்கார்ந்திருந்த மீன் மேலிருந்து மெல்ல எழுந்து தள்ளி நின்றாள்.

மூக்காண்டி நேராக நீந்திப் போய் நெட்டைக்காலியின் மரத்தடியில் நின்றார்.

“கூழைவாலா, இறங்கு.”

“என்ன அண்ணே, வெயில்ல நடந்து மூளை காஞ்சு போச்சா?”

“அது உன் கூடு இல்ல. அன்னைக்கும் இல்ல. தெரிஞ்சேதான் உனக்குக் குடுத்தேன். இறங்கு.”

“கத்திருவேன்! ஒரு சத்தம் போட்டா உன் தலைவர் பதவி போயிரும்!”

“கத்து.”

கத்தினார்கள். அப்படிக் கத்தினார்கள்! மூக்காண்டி ஒழிக என்று கத்தினார்கள். தொண்டை கட்டியது. “சரி, வேற யாரு தலைவரு?” என்று ஒரு கிழக் குரங்கு கேட்டது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மீனில்லாத குளத்துக்குத் தலைவராக யார் வருவார்? ஒருவரும் முன்னால் வரவில்லை. கூழைவாலன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

அன்றிலிருந்து மூக்காண்டி மீனைப் பிடித்தால் பாறை மேல் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போவார். முதலில் எல்லா மீனும் போயிற்று. எடுத்தவரை வீடு தேடிப் போய்க் கேட்டார். மைத்துனன் என்று பார்க்கவில்லை, மகன் என்றும் பார்க்கவில்லை. “அது என்னுது, குடு” என்று கேட்டு வாங்கினார். அடுத்தவர் மீன் போனாலும் அவரே போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்தார். பசி நாளில் இது லேசான காரியமா? ஆனால் நாளாக ஆக, பாறை மேல் வைத்த மீன் பாறை மேலேயே இருக்கத் தொடங்கியது. ஒரு தவளை இலையை விட்டுக் குதித்துப் போய், திரும்பி வந்து, இலை காலியாக இருப்பதைக் கண்டு பயந்துபோய்க் கத்தியது!

மழைகள் வந்து போயின. நாரைகள் மேலே வந்தன, மேலேயே போயின. மூக்காண்டி கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? அவை போகும்வரை தலையைக் குனிந்தே நிற்பார்.

ஒரு வருஷம், கூட்டத்திலிருந்து ஒரு நாரை மட்டும் பிரிந்து இறங்கியது. நெட்டைக்காலி! கொஞ்சம் கிழடு தட்டியிருந்தாள். பழைய கூட்டைச் சுற்றிப் பார்த்தாள். அலகிலிருந்த ஒரு சுள்ளியைக் கூட்டின் ஓரத்தில் வைத்தாள். பறந்து போய்விட்டாள்.

குளமே அந்தச் சுள்ளியைப் பார்த்தது.

“நான் போய்க் காவல் இருக்கட்டா?” என்று கெண்டையம்மா கேட்டாள்.

“வேணாம் புள்ள. நாம பக்கத்துல உக்காந்தா, அதுவும் மீன் மேல உக்காந்த கதைதான்.”

கூழைவாலன் கிளை வழியாக வந்தான். சுள்ளிக்குப் பக்கத்தில் நின்றான். கை நீண்டது. நீண்ட கை திரும்பி வந்து அவன் தலையையே சொறிந்தது. தாண்டிப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் தண்ணீரில் நாரை நிழல் விழுந்தது. மூக்காண்டிக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். மூச்சு முட்டியதும் வேறு வழியில்லாமல் வெளியே வந்தார். கூட்டில் இப்போது இரண்டு சுள்ளி இருந்தது. நெட்டைக்காலி கழுத்தை நீட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தலைவரே, இன்னைக்கு மீன் எங்கே?”

மூக்காண்டி கண்ணால் காட்டினார். தூரத்துப் பாறை மேல் ஒரு சின்னக் கெண்டை தன்னந்தனியாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பாராட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சுள்ளிகளைக் கூட்டிலேயே விட்டுவிட்டு, மூன்றாவது சுள்ளி தேடிப் பறந்தாள். முன்பு எத்தனையோ கூடு நிறைந்திருந்த குளம், அந்த ஒற்றைச் சுள்ளிக்காகத் தலை குனிந்து காத்திருந்தது.

கட்டினவருக்குக் கூடு சொந்தம் என்கிற உறுதி இல்லாத இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு சுள்ளியும் வராது. ஒரே தீர்ப்பில் இழந்த அந்த நம்பிக்கையை ஒவ்வொரு சுள்ளியாகத்தான் திரும்பச் சம்பாதிக்க வேண்டும்.